பைண்டிங் பாய் தைத்துக் கொடுத்த ஸ்கெட்ச் புக்

விலையை முதலில் சொல்லிவிடுகிறேன். கார்ட்ரிட்ஜ் தாள், அதாவது படம் வரைகிற கெட்டித் தாள், ஐந்து ஷீட், ஷீட் 12 ரூபாய். தையல், அட்டை, துணி, கூலி எல்லாம் சேர்த்து 180. ஆக 240 ரூபாய்க்கு 160 பக்கம் உள்ள ஸ்கெட்ச் புக். அகலம் ஐந்தரை அங்குலம், உயரம் ஏழு அங்குலம். கைப்பையில் குடை, தண்ணீர் பாட்டிலோடு இடித்துக்கொள்ளாமல் அடங்கும். இதைவிட மும்மடங்கு விலையில் வந்தவை என் அலமாரியில் முக்கால்வாசி வெள்ளையாகவே கிடக்கின்றன. இதுவோ கடைசிப் பக்கம் வரை நிரம்பிவிட்டது. இரண்டாவதும் தைத்து வாங்கியாயிற்று. அதனால்தான் இந்த மதிப்புரை.

நான் ஓவியர் இல்லை. அரசு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். வேலைக்காலம் முழுக்க வரைந்துகொண்டுதான் இருந்தேன், ஆனால் கரும்பலகையில். தவளையின் இதயம், கரப்பானின் வாயுறுப்புகள், மனிதக் காதின் குறுக்குவெட்டு. தமனிக்குச் சிவப்பு சாக்பீஸ், சிரைக்கு நீலம். மணி அடித்ததும் அடுத்த பீரியடு கணக்கு டீச்சர் வந்து துடைத்துவிடுவார். ரெக்கார்டு நோட்டின் சட்டங்கள் வேறு இருந்தன: எச்.பி. பென்சில் மட்டும், முனை கூராக இருக்க வேண்டும், கோடு ஒரே இழுப்பில் வர வேண்டும், பாகம் குறிக்கும் கோடுகள் ஒன்றையொன்று வெட்டக் கூடாது, நிழல் தீட்டவே கூடாது. இருட்டைக் காட்ட வேண்டுமா, புள்ளி வை. பிள்ளைகளின் ரெக்கார்டில் விரலால் தேய்த்த நிழல் தெரிந்தால் சிவப்பு மையால் சுழித்துவிடுவேன். அறிவியல் படத்துக்கு அது சரியான சட்டம்தான், இன்றும் அதையேதான் சொல்வேன். ஆனால் அந்தச் சட்டத்தோடு தெப்பக்குளத்தை வரைய முடியாது.

திரும்ப வரைய ஆரம்பித்தது முருங்கை மரத்தால். மழை விட்டதும் தண்டு முழுக்கக் கம்பளிப்பூச்சி, அறிவியல் பெயர் யூப்டெரோட் மொல்லிஃபெரா, அடை அடையாக ஒட்டிக்கொண்டு. பக்கத்து வீட்டுக்காரர் பந்தம் கட்டிக்கொண்டு வருவதற்குள் ஒன்றையாவது பார்த்துக்கொள்ளலாம் என்று கரண்ட் பில்லின் பின்பக்கம் கிறுக்கினேன். முடிகள் கட்டை கட்டையாக நிற்கும் விதம், தலைப்பக்கம் கொஞ்சம் தூக்கலாக இருப்பது, இதெல்லாம் பாடப்புத்தகப் படத்திலிருந்து நான் வரைந்த எதிலும் இருந்ததில்லை. கிளம்பிய பந்தமும் எரிந்தது, பூச்சிகளும் போயின. பில் மட்டும் கட்டிய பிறகும் டிராயரில் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு வீட்டில் ஆளாளுக்கு ஸ்கெட்ச் புக் வாங்கிக் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

முதலில் வந்தது கம்பிச் சுருள் போட்ட சாதா ஸ்கெட்ச் புக். சுருள் கம்பியின் வசதி, அப்படியே பின்னால் மடக்கிக் கையில் பிடித்துக்கொள்ளலாம். நின்றுகொண்டு வரைகிறவர்களுக்கு நல்லது. இடைஞ்சல் இரண்டு. தாள்கள் கம்பியில் ஆடிக்கொண்டே இருப்பதால் பையில் போகிற வழியெல்லாம் ஒன்றோடொன்று உரசும். 4பி மாதிரி மென்மையான கறுப்புப் பென்சிலில் வரைந்தால் வீட்டுக்கு வந்து பார்க்கும்போது எதிர்ப்பக்கத்தில் சாம்பல் பூத்திருக்கும். இரண்டாவது, இரு பக்கத்தையும் சேர்த்து ஒரே படமாக வரையலாம் என்றால் நடுவில் கம்பிவேலி.

அடுத்தது வெளிநாட்டிலிருந்து மகன் கொண்டுவந்தது. கறுப்பு அட்டை, வட்ட மூலை, எலாஸ்டிக் பட்டை, பின்னால் ஒரு பை, தந்த நிறத் தாள். கம்பெனிப் பெயர் வேண்டாம். பென்சில் அதில் வெண்ணெயாக ஓடுகிறது. தூரிகையால் தண்ணீர் தொட்டால் தாள் ஏற்காமல் துளித் துளியாக நிற்கிறது. ஆனால் எனக்கு அதில் வராமல் போனதற்குக் காரணம் தாள் இல்லை, அதன் தோரணை. திறந்தாலே கை, கல்யாண வீட்டு மொய் நோட்டில் எழுதுகிற மாதிரி விறைத்துக்கொள்கிறது. ஒரு பக்கம் சரியாக வரவில்லை என்றால் அந்தப் புத்தகத்துக்கே களங்கம் என்று தோன்றுகிறது. இப்போது அதில் பால் கணக்கு எழுதுகிறேன். பால் கணக்குக்கு அருமையான நோட்டு.

பாண்டிச்சேரி போயிருந்த தங்கை, ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத்தில் செய்த புத்தகம் ஒன்று வாங்கி வந்தாள். அங்கே 1959 முதல் காகிதம் செய்கிறார்கள். பருத்திக் கூழைச் சல்லடையில் அள்ளித் தூக்கி எடுக்கும் தாள். ஓரம் வெட்டாமல் பஞ்சு பிரிந்தாற்போல இருக்கும். மரக்கூழுக்கும் பருத்திக்கும் உள்ள வித்தியாசம், ஈர நிறத்தை வைத்ததும் தெரிந்துவிடும். நிறம் மெதுவாக இறங்கி, காய்ந்த பிறகும் ஒளி உள்ளேயிருந்து வருகிற மாதிரி நிற்கிறது. கைக்காகிதத்தில் கூரான நிப்பை வைத்து வேகமாக எழுதக் கூடாது. நிப்பின் பிளவில் இழை சிக்கும். அது அந்தக் காகிதத்தின் குணம், குறை என்று சொல்ல மாட்டேன். நீர்வண்ணக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். நானோ பேனாக்காரி. பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து மூன்று நிமிஷத்தில் ஒரு தூங்குமூஞ்சியை வரைகிறவளுக்கு அது ரொம்பப் பெரிய மனுஷத் தாள்.

இனி பாய் கடை. மதுரையில் மாசி வீதிகளுக்கும் அவற்றின் சந்துகளுக்கும் நடுவில், கணக்குப் பேரேடு, கல்லூரித் தீசிஸ், கோயில் ரசீது புக் எல்லாம் பைண்டு செய்கிற கடைகள் இன்னும் இருக்கின்றன. இது அவற்றில் ஒன்று. போர்டு கிடையாது. பெயர் போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். கூட்டம் வந்தால் தைக்க ஆள் இல்லையாம். எங்கள் பள்ளி வருகைப் பதிவேடுகளை அவரிடம் பைண்டு செய்த பழக்கம். வரையிற நோட்டு வேணும் பாய் என்றதும், “கோடு போட்டதா, போடாததா டீச்சர்?” என்று கேட்டார். இந்தக் கேள்வியிலேயே பாதி பயம் போயிற்று. இது ஒரு நோட்டு, அவ்வளவுதான்.

தாளை நாமே வாங்கிக்கொண்டு போக வேண்டும். நான் வாங்கியது 150 ஜி.எஸ்.எம். கார்ட்ரிட்ஜ். ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு. ஜெராக்ஸ் தாள் 75, 80 இருக்கும். நல்ல நீர்வண்ணத் தாள் 300. பென்சில், பேனா, லேசான ஈரம் இவற்றுக்கு 150 போதும். 22க்கு 28 அங்குல முழு ஷீட்டை எட்டுத் துண்டாக்கி ஒவ்வொன்றையும் இரண்டாக மடித்தால், ஒரு ஷீட்டில் 32 பக்கம்.

எனக்கு ஆசை அகலவாட்டில் ஒரு புத்தகம், தெரு, குளம், மலை எல்லாம் நீளமாக வரையலாமே என்று. பாய் மறுத்துவிட்டார். ஷீட்டின் மூலையில் இரண்டு துண்டு கிழித்துக் காட்டினார். “இந்தப் பக்கம் கிழிச்சா நேரா வருது பாருங்க. அந்தப் பக்கம் கோணிக்கிட்டுப் போகுது. நேரா வர்ற பக்கந்தான் முதுகு.” மிஷினில் செய்த தாளில் இழைகள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும், அதைத்தான் கிரெயின் என்கிறார்கள். மடிப்பு அந்தத் திசையிலேயே விழுந்தால் புத்தகம் விரித்த இடத்தில் படியும். குறுக்கே விழுந்தால் விறைத்து நிற்கும், ஈரம் பட்டால் முதுகுப் பக்கம் அலை அலையாக நெளியும். என் ஷீட்டில் இழை 28 அங்குல வாக்கில் ஓடியது. அதில் உயரவாட்டுப் புத்தகம்தான் ஒழுங்காக வரும். எத்தனையோ வருஷம் நார்த்திசுவும் தசைநாரும் நடத்தியிருக்கிறேன். கையில் இருந்த தாளுக்கு நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று யோசித்ததில்லை.

தையல்தான் இந்தப் புத்தகத்தின் உயிர். மடித்த தாள் நான்கு நான்காகச் சேர்த்தது ஒரு பாரம். மொத்தம் பத்து பாரம். ஒவ்வொன்றையும் நடுமடிப்பில் குத்தி, மெழுகு தடவிய நூலால் அடுத்த பாரத்தோடு முடிச்சுப் போட்டுத் தைக்கிறார். முதுகில் மெல்லிய துணி ஒட்டி, பிறகுதான் அட்டை. கடைகளில் கிடைக்கும் மலிவு நோட்டுகளில் முதுகைச் சீவிப் பசை தடவி ஒட்டிவிடுவார்கள். இரண்டு முறை அழுத்தி விரித்தால் தாள் கையோடு வரும். தைத்த புத்தகம் அப்படி வராது. பசை, மைதாவும் மயில்துத்தமும் சேர்த்துக் காய்ச்சியது. மாவுப் பசை என்றால் இராமபாணப் பூச்சிக்கு விருந்து. மயில்துத்தம் அதைத் தடுக்கும். அதே காரணத்தால் குழந்தைகள் புத்தக முதுகைக் கடிக்கிற வீடாக இருந்தால் எட்டாமல் வையுங்கள்.

எப்படி இருக்கிறது என்று தெப்பக்குளத்தில் வைத்துப் பார்த்தேன். சாயங்காலம் கிழக்குப் படிக்கட்டில் உட்கார்ந்து மைய மண்டபம். திருமலை நாயக்கர் 1645இல் வெட்டிய குளம். நடுவில் விமானத்தோடு பெரிய மண்டபம், அதன் நான்கு மூலைக்கும் சின்னச் சின்ன மண்டபம், சுற்றிலும் மரங்கள். ஒரு பக்கத்தில் அடங்காது. பாரத்தின் நடுவிலே விரித்தேன். மடியில் அப்படியே படிந்தது. நூல் தெரிகிற கோட்டின் மேல் விமானத்தை வைத்து இருபக்கமும் தண்ணீரை இழுத்தேன். பாரங்கள் சேரும் இடங்களில் இவ்வளவு படியாது, லேசாக ஒரு பள்ளம் விழும். அது முகம் வராத இடமாகப் பார்த்துக்கொண்டால் போதும்.

பேனா பிக்மா மைக்ரான் 01. கோட்டின் தடிமன் கால் மில்லிமீட்டர். அந்த மை நிறமித் துகள் கொண்டது, காய்ந்தால் தண்ணீரில் கரையாது. தாளில் பிசிறவில்லை, பின்பக்கம் இறங்கவில்லை. கூடவே ஒரு சாதாரண மைப்பேனாவில் எழுதும் நீல மை. அது சாயம், தண்ணீர் பட்டால் கரைந்து ஓடும். அதுதான் எனக்கு வேண்டும். கோட்டைப் போட்டுவிட்டு, தண்ணீர் அடைத்த தூரிகைப் பேனாவால் ஓரத்தைத் தொட்டால் நீலம் கசிந்து நிழலாக விரிகிறது. தூண்களுக்கு நடுவே இருட்டு, மரத்தடியில் இருட்டு, தண்ணீரில் மண்டபத்தின் தலைகீழ் இருட்டு. புள்ளி வைத்து வைத்து நான் ஒரு மணி நேரத்தில் செய்வதை இரண்டு இழுப்பில் செய்துவிட்டது அது. கூடாது என்று எல்லோரையும் தடுத்த காரியத்தை நடுத்தெருவில் உட்கார்ந்து செய்கிற சுகம் இருக்கிறதே, அதைச் சொல்லி முடியாது.

வேர்க்கடலை வண்டிக்காரர் பின்னால் நின்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மண்டபம், விமானம் எதைப் பற்றியும் அவருக்கு அபிப்பிராயம் இல்லை. “எல்லாம் இருக்கு, நம்ம வண்டியக் காணோமே?” என்றார். ஓரத்தில் இடம் இருந்தது, போட்டேன். பெட்ரோமாக்ஸ் எங்கே, இப்போ எல்.இ.டி. பல்ப் அல்லவா தொங்குகிறது என்று அதையும் திருத்தினார். கறுப்பு அட்டைப் புத்தகமாக இருந்தால் அந்த வண்டியை அனுமதித்திருப்பேனா என்பது சந்தேகம்.

மதுரையைப் பேனாவில் வரைவது என்றாலே மனோகர் தேவதாஸ் நினைவு வந்துவிடும். கண்பார்வை குறுகிக்கொண்டே வந்த நோயோடு, சென்னையில் இருந்தபடி, தன் சிறுவயது மதுரையை மயிரிழைக் கோடுகளில் மீட்டவர், 2022இல் காலமானார். அவருக்கும் முன்னால் சில்பி, கோயில் கோயிலாகப் போய் உட்கார்ந்து சிலைகளை வரைந்தவர். அவர்கள் படங்களைப் பார்த்து நான் பேனாவைக் கீழே வைத்த நாட்கள் உண்டு. ஒரு கட்டத்தில் தெளிந்துவிட்டது: அவர்கள் வரைந்தது ஊருக்காக, நான் வரைவது என் சாயங்காலத்துக்காக. 2007இல் சியாட்டலில் ஒரு பத்திரிகை ஓவியர் தொடங்கி வைத்த அர்பன் ஸ்கெட்சர்ஸ் இயக்கத்தில் உலகம் முழுக்க மக்கள் கூட்டமாக உட்கார்ந்து தெருவை வரைகிறார்கள். நேரில் பார்த்து, அந்த இடத்திலேயே வரைய வேண்டும் என்பது அவர்கள் விதி. விதி பிடிக்கிறது. கூட்டம் எனக்கு ஆகாது, கடலைக்காரர் ஒருவர் போதும்.

முதல் பக்கத்தைப் படத்துக்கு விடாதீர்கள் என்பது என் ஆலோசனை. அங்கேதான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறோம். நான் பழைய வழக்கப்படி ரெக்கார்டு நோட்டு அட்டவணை போட்டுவிட்டேன்: வரிசை எண், தேதி, தலைப்பு, பக்கம், ஆசிரியர் கையொப்பம். கையொப்பம் இரண்டாம் வகுப்பு படிக்கும் பேத்தியுடையது. கம்பளிப்பூச்சிக்கு மூன்று நட்சத்திரம் போட்டிருக்கிறாள். மைய மண்டபத்துக்கு ஒன்றுதான், கோணலாம். கேட்டால் மறுமதிப்பீடு கிடையாது என்கிறாள்.

இப்போது குறைகள். பாய் சொன்ன நாளுக்குத் தரமாட்டார். ஏப்ரலில் புதுக் கணக்குப் பேரேடு, ஜூனில் பாடப்புத்தகம். அந்த மாதங்களில் உங்கள் நோட்டு அடியில் போய்விடும். என் முதல் புத்தகத்துக்குச் சிவப்புக் காலிகோ அட்டைத் துணி கேட்டேன். மழையில் நனைந்த கைப்பைக்குள் சாயம் விட்டு, கைக்குட்டை, பஸ் டிக்கெட் எல்லாம் இளஞ்சிவப்பு. கறுப்போ காக்கியோ கேளுங்கள். எலாஸ்டிக் கிடையாது, ரப்பர் பேண்டு போட்டுக்கொள்கிறேன். வெட்டு ஒரு மயிரளவு கோணல்; பேத்தியிடம் காட்டவில்லை.

தாளில்தான் பெரிய சிக்கல். கார்ட்ரிட்ஜ் என்று ஒரே பெயரில் கட்டுக்குக் கட்டு வேறு தாள் வருகிறது. இரண்டாவது புத்தகத்துக்கு வாங்கியதில் மைப்பேனா வைத்தால் வேர் விட்டது. கோட்டின் இருபுறமும் சின்னச் சின்ன முடிகள். தாளில் பசைச்சத்து குறைவாகச் சேர்த்திருந்தால் இப்படித்தான் மையை உறிஞ்சும். அதில் பென்சில் மட்டும் என்று முடிவு செய்துவிட்டேன், 2பி அதில் மிக நன்றாகவே பிடிக்கிறது. நீங்கள் தாள் வாங்கும்போது உங்கள் பேனாவைக் கொண்டுபோய் மூலையில் ஒரு கோடு, அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

நீர்வண்ணத்தைக் கொட்டி வரைகிறவர்களுக்கு இந்த நோட்டு ஆகாது. இரண்டு முறை ஈரம் தாங்கும், மூன்றாவதில் அப்பளமாகும். இஸ்திரிப் பெட்டியை மேலே வைத்துவிட்டுத் தூங்கினால் காலையில் ஓரளவு படியும். 300 ஜி.எஸ்.எம். தாள் கொடுத்தாலும் பாய் தைத்துத் தருவார், ஆனால் ஒரு பாரத்துக்கு இரண்டு தாளுக்கு மேல் மடிக்க முடியாது என்பதால் தையல் கூடும், கூலியும் கூடும். ஸ்பிரிட் மார்க்கர்காரர்களும் வேறு பாருங்கள். அது இரண்டு பக்கம் தாண்டி இறங்கும். மற்றபடி பென்சிலுக்கும் பேனாவுக்கும் நான் கையில் எடுத்தவற்றில் இதுதான் முதல். காரணம் தாளும் தையலும் பாதி. கெட்டுப்போனாலும் 240 ரூபாய்தானே என்ற தைரியம் மீதி. பள்ளத்தூர்க் கத்தரிக்காய், பஸ்ஸில் முன்சீட்டுக்காரரின் காது, கொடியில் தொங்கும் பாவாடை என்று எதையும் யோசிக்காமல் போடுகிறேன். பாதி தேறவில்லை, ஒரு தாளையும் கிழிக்கவில்லை.

உங்கள் ஊரிலும் பத்திரப்பதிவு ஆபீஸ் பக்கமோ காலேஜ் ரோட்டிலோ இப்படி ஒரு பைண்டர் இருப்பார். தாளோடு போங்கள். தையல் பைண்டிங், பாரத்துக்கு நான்கு தாள், கிரெயின் முதுகு வாக்கில், ஓரம் சிவக்கச் சாயம் அடிக்க வேண்டாம் என்று நான்கு விஷயத்தையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மார்பிள் பேப்பர் ஒட்டட்டுமா என்று கேட்டால் அது உங்கள் ருசி. அட்வான்ஸ் பாதி கொடுத்தால் போதும். எங்கள் பாயிடமே வர நினைக்கிறவர்களுக்கு ஒன்று: காலையில் பசை காய்ச்சுகிற நேரம் பேச்சுக் கொடுக்க மாட்டார், பதினோரு மணிக்கு மேல் வாருங்கள். வெள்ளிக்கிழமை மதியம் கடை பூட்டியிருக்கும்.